மூச்சில் அம்மோனியா: எண் தவறினால் எங்கே தேடுவது

மூச்சில் உள்ள அம்மோனியாவை அளக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். கருவி புதிது, அம்மோனியா அளவு முன்பே தெரிந்த சோதனை வாயுவில் சரியாகக் காட்டுகிறது. ஆனால் ஒரே ஆள் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஊதினால் இரண்டு எண் வருகிறது, இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். உடனே கருவியின் மேல் சந்தேகம் விழும். எனக்கும் அப்படி மூன்று வாரம் வீணாகப் போனது. கருவியைப் பழுது பார்க்க அனுப்பினோம், ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. குறை முழுவதும், மூச்சைக் கருவிக்குக் கொண்டுபோக நான் மாற்றாமல் வைத்திருந்த ஒன்றரை மீட்டர் குழாயில் இருந்தது.

கீழே உள்ளவை நான் பார்க்கும் வரிசையில் இல்லை, ஆட்கள் வந்து சொல்லும் வரிசையில் இருக்கின்றன. எந்தக் குறியுடன் வந்தாலும் முதலில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் அம்மோனியா லிட்டருக்கு 30 மைக்ரோமோல் இருப்பதாகக் கொள்வோம். இரத்தத்தின் பிஎச் 7.4 என்பதால் அதில் சுமார் 3 சதவீதம்தான் ஆவியாகக்கூடிய அம்மோனியா. மற்றதெல்லாம் அம்மோனியம் அயனியாக நீரிலேயே கட்டுண்டு கிடக்கும். அந்த 3 சதவீதத்தோடு 37 டிகிரியில் சமநிலையில் நிற்கும் காற்றில் 25 பிபிபி அளவுக்குத்தான் அம்மோனியா இருக்க முடியும். பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் வாய் வழியாக ஊதினால் பல நூறு பிபிபி, சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல் வருகிறது. மீதி எங்கிருந்து வந்தது? வாயிலிருந்து. எச்சிலில் யூரியா இருக்கிறது. நாக்கிலும் பல்லிடுக்கிலும் வாழும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன.

ஆக, நுரையீரலிலிருந்து புறப்படும் ஒரு சிறு அளவு, வாய் என்ற அம்மோனியாத் தொழிற்சாலையைக் கடந்து, அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குழாயைக் கடந்துதான் கருவிக்கு வருகிறது. கருவியைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

முதல் ஊதலில் குறைவு, ஊத ஊத எண் ஏறுகிறது

இது குழாய். அம்மோனியா மூலக்கூறு சிறியது, ஆனால் கண்ட பரப்பிலெல்லாம் ஒட்டும். துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, ரப்பர், சிலிகோன் குழாய் எதுவும் அதற்கு நல்ல வழி அல்ல. முதல் மூச்சில் வரும் அம்மோனியா குழாயின் உட்சுவரை நிரப்பவே செலவாகிவிடும். இரண்டாவது மூச்சில் கொஞ்சம் கருவிக்குப் போய்ச் சேரும், ஐந்தாவதில் ஓரளவு உண்மை தெரியும். ஊதி முடித்த பிறகு இதே கதை தலைகீழாக நடக்கும். சுவர் பிடித்து வைத்ததைச் சிறுகச் சிறுக விடும், எண் இறங்கவே மாட்டேன் என்று நிற்கும். அடுத்து வருபவரின் மூச்சில் முந்தையவரின் பங்கும் சேர்ந்திருக்கும்.

இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கேப்னோகிராஃபை அதே குழாயின் முடிவில், கருவிக்குப் பக்கத்திலேயே இணையுங்கள். கார்பன் டை ஆக்சைடு எங்கும் ஒட்டாது. ஊதத் தொடங்கியதும் ஓரிரு நொடியில் மேலேறி 4 முதல் 5 சதவீதத்துக்கு அருகில் சமன்படும். அம்மோனியாக் கோடு அதனோடு சேர்ந்து ஏறினால் குழாய் சுத்தம். கார்பன் டை ஆக்சைடு ஏறிச் சமன்பட்டு நிற்க, அம்மோனியா பத்து நொடி கழித்தும் சாய்வாக ஏறிக்கொண்டே இருந்தால், இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் குழாயின் பிடிமானம். அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தவர் அதற்குப் பிறகு கருவியைத் திட்டமாட்டார்.

திருத்தம்: குழாயைக் குட்டையாக்குங்கள். இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அரை மீட்டர் போதுமென்றால் அரை மீட்டர்தான், "எதற்கும் இருக்கட்டும்" என்று சுருட்டி வைக்காதீர்கள். பொருள் டெஃப்லான் அல்லது அதே குடும்பத்துப் பிளாஸ்டிக்கான பிஎஃப்ஏ. இணைப்புகளும் வால்வுகளும்கூட அதே வகையில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு பித்தளை இணைப்பு போதும் எல்லாவற்றையும் கெடுக்க. ஓட்டத்தை அதிகமாக்குங்கள். குழாயைச் சூடாக்குங்கள். சூடாக்குவது ஏன் என்பது அடுத்த குறியில்.

ஊதும் இடத்தில் சரி, குழாயின் நடுவில் எங்கேயோ மறைந்துவிடுகிறது

குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பனிபோல் பூத்திருந்தால் அல்லது வளைவில் ஒரு சொட்டு தேங்கியிருந்தால், தேட வேறொன்றும் இல்லை.

உதட்டருகே மூச்சு சுமார் 34 டிகிரியில் ஈரம் நிறைந்து வருகிறது, அதில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நீராவி. 25 டிகிரிக் குழாயில் மூன்று சதவீதம்தான் நிற்க முடியும். மீதி நீராகிச் சுவரில் இறங்கும். அம்மோனியா நீரில் கரையும் என்பது பள்ளிப் பாடம். எவ்வளவு கரையும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் அந்தச் சொட்டில் கரைந்து அதைச் சற்று அமிலமாக்குகிறது. அமிலத்தில் அம்மோனியா அம்மோனியமாகிவிடும், எளிதில் திரும்பி வராது. 800 பிபிபி அம்மோனியாவும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் உள்ள மூச்சு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 50 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரே ஒரு சொட்டு, சமநிலைக்கு வருமுன் பத்து லிட்டருக்கு மேற்பட்ட மூச்சின் அம்மோனியாவை விழுங்கக்கூடியது. ஒருவர் ஒரு முறை ஊதுவது ஓரிரு லிட்டர். அந்தச் சொட்டு இருக்கும்வரை உங்கள் எண் அந்தச் சொட்டின் தயவில் வருகிறது.

குழாய் முழுவதையும் 40 டிகிரிக்கு மேல் வையுங்கள், 50 அல்லது 60 என்றால் இன்னும் நிம்மதி. முழுவதும் என்றால் முழுவதும். சூடாக்கும் பட்டையைக் குழாயில் அழகாகச் சுற்றிவிட்டு, வாயில் வைக்கும் முனையையும் கருவியின் நுழைவாயிலையும் வெறுமனே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நீர் சரியாக அந்த இரண்டு இடத்தில்தான் பிடிக்கும்.

எண் எப்போதும் குறைவு, அல்லது ஏறக்குறைய பூஜ்யம்

கருவிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வேன். "ஈரத்தை எடுக்க ஒரு நாஃபியான் உலர்த்தி இருக்கிறது" என்றவுடன் பேச்சு முடிந்துவிடும். நாஃபியான் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள் கொண்ட படலம். நீராவியை எடுத்துச் செல்லும் அதே வழியில் அம்மோனியாவையும் எடுத்துச் செல்லும். மற்ற பல வாயுக்களுக்கு அருமையான பொருள், அம்மோனியாவுக்கு மட்டும் அது ஒரு பொறி. உலர்த்தும் உப்புகளும் அப்படித்தான்.

கிருமி வடிகட்டியும் அம்மோனியாவைப் பிடிக்கும். தொற்றுத் தடுப்புக்கு அது இல்லாமல் முடியாது என்றால், வடிகட்டியோடும் வடிகட்டி இல்லாமலும் ஒரே சோதனை வாயுவை அனுப்பிப் பாருங்கள். எவ்வளவு இழப்பு, எத்தனை நொடித் தாமதம் என்று தெரிந்த பிறகு பயன்படுத்துங்கள். பையில் மூச்சைப் பிடித்து வைத்துப் பிறகு அளப்பதை நான் ஒரேயடியாக மறுப்பேன். பையின் சுவரும் அதில் படியும் ஈரமும் சேர்ந்து நிமிடக் கணக்கில் அம்மோனியாவைத் தின்றுவிடும். மறுநாள் அளந்த பை எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

வாய்முனையை ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறவைத்துச் சரியாகக் கழுவாமல் விட்டாலும் எண் குறையும். அம்மோனியா அதோடு வினைபுரிந்து குளோரமீனாக மாறிவிடும்.

ஒரே ஆள், ஒரே நாள், வேளைக்கு ஓர் எண்

குழாய் சரியாகிவிட்டது, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து ஏறுகிறது, அப்படியும் எண் அலைகிறது என்றால் இப்போது வாய்க்கு வருவோம். குழாய்க் கோளாறில் முதல் ஊதல் குறைவாக இருந்தது நினைவிருக்கட்டும். வாய்க் கோளாறில் பெரும்பாலும் அது நேர்மாறு: வாயை மூடி உட்கார்ந்திருந்தவர் ஊதும் முதல் மூச்சுதான் அதிகம், அடுத்தடுத்து குறையும். மூடிய வாயில் சேர்ந்து கிடந்த அம்மோனியா முதல் மூச்சோடு வெளியேறிவிடுகிறது.

வாயிலிருந்து எவ்வளவு அம்மோனியா ஆவியாகும் என்பதை முடிவு செய்பவை மூன்று: எச்சிலில் உள்ள யூரியா, பாக்டீரியாக்களின் ஊக்கம், வாயின் பிஎச். மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். பிஎச் ஒன்று கூடினால் ஆவியாகக்கூடிய அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும், ஒன்று குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். புளிப்பான பானம் ஒரு மடக்கு குடித்துவிட்டு ஊதினால் எண் சரிந்து விழும். இனிப்புச் சாப்பிட்டால் பல்லில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும், அப்போதும் விழும். மெல்லும் கோந்து எச்சிலைப் பெருக்கிக் கழுவிவிடும். உணவு இன்னும் சிக்கல்: சாப்பிட்டவுடன் இறங்கும், புரதம் நிறைந்த உணவானால் சில மணி நேரம் கழித்துப் பழைய அளவையும் தாண்டி ஏறும். தூங்கி எழுந்த வாயில் அதிகம், பல் துலக்கிய வாயில் குறைவு.

இதை நம்பாத ஒரு சக ஆய்வாளரிடம் நானே செய்து காட்டியிருக்கிறேன். வெறும் நீரில் வாய் கொப்பளித்து ஊதினேன், எண் குறைந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று ஊத ஊத மெல்லத் திரும்பி ஏறியது. பிறகு நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலில் கொப்பளித்தேன், பாதிக்கும் கீழே போனது. கடைசியாக, உணவுத் தரமுள்ள யூரியாவைக் கொஞ்சம் கரைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஊதியபோது கோடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அந்த அரை மணி நேரத்தில் என் இரத்தத்தில் எதுவும் மாறவில்லை. அவர் திரையைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், பிறகு தன் குறிப்பேட்டில் பழைய இரண்டு பக்கத்தைக் கோடிட்டு அடித்தார்.

திருத்தம் இரண்டு வகை. வாய் மூச்சைத்தான் அளக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே வழக்கம் வையுங்கள்: அளவீட்டுக்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் உணவு, பானம், கோந்து, பல் துலக்கல் எதுவும் கிடையாது. ஒரே அளவு நீரில் ஒரே நேரம் கொப்பளித்து, அதற்குப் பிறகு ஒரே இடைவெளியில் ஊத வேண்டும். ஊதும் வேகத்தையும் கட்டுப்படுத்துங்கள். மெதுவாக ஊதினால் காற்று வாயில் அதிக நேரம் தங்கி அதிக அம்மோனியாவைச் சேர்த்துக்கொள்ளும். நொடிக்கு 50 மில்லிலிட்டர் அளவில், சிறிய எதிர்ப்புக்கு எதிராக, திரையில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஊதச் சொன்னால் பெரும்பாலோர் இரண்டு மூன்று முயற்சியில் பழகிவிடுவார்கள். எண்ணை எடுப்பது கார்பன் டை ஆக்சைடு சமன்பட்ட கடைசிப் பகுதியில் மட்டும்.

உடலின் உட்பக்கத்தை அறிய வேண்டும் என்றால் வாயை விட்டுவிட்டு மூக்குக்குப் போங்கள். டேவிட் ஸ்மித்தும் பாட்ரிக் ஸ்பானலும் அவர்கள் உருவாக்கிய அயனி ஓட்டக்குழாய் நிறைமாலைமானியை (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறையால் பிரித்தறியும் கருவியை)க் கொண்டு வாய் மூச்சு, மூக்கு மூச்சு, மூடிய வாய்க்குள் இருக்கும் காற்று மூன்றையும் ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அம்மோனியா பெரும்பாலும் வாயிலேயே உண்டாகிறது என்பது அதில் தெளிவு. மூக்கு எண் பொதுவாக நூறு பிபிபிக்குக் கீழே இருக்கும். அந்த அளவில் குழாயின் பிடிமானம், அறைக்காற்று எல்லாம் இன்னும் பெரிதாகத் தெரியும் என்பது மூக்குக்குக் கொடுக்கும் விலை.

மூக்கு எண்ணும் வாய் எண்ணும் ஒன்றுபோல் வருகின்றன

மூக்கால் ஊதும்போது வாயைத் திறந்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அப்படி இல்லையென்றால் முன்பு வாய் மூச்சு போன அதே குழாயில் மூக்கு மூச்சை அனுப்பியிருப்பீர்கள், குழாய் பழையதைக் கக்குகிறது. மூக்கை முதலில் அளங்கள், வாயைப் பிறகு. வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

யாரும் ஊதாமலே எண் காட்டுகிறது

அறைக்காற்றில் அம்மோனியா எப்போதும் கொஞ்சம் இருக்கும், பல பத்து பிபிபி சாதாரணம். ஆட்கள் நிறைந்த அறையில் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் கூடும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. ஒரு வாரம் எங்கள் பின்னணி ஒவ்வொரு காலையும் சரியாக ஒன்பதரை மணிக்கு எகிறியது. துப்புரவுப் பணியாளர் கதவுக் கண்ணாடியைத் துடைக்கும் நேரம் அது.

ஊதும் முன் உள்ளிழுக்கும் காற்றிலும் அதே அம்மோனியா இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் அதை வெளிமூச்சு எண்ணிலிருந்து அப்படியே கழிப்பதும் சரியல்ல, ஏனெனில் மூச்சுப்பாதையின் ஈரச் சுவர் உள்ளே போகும் அம்மோனியாவில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. அம்மோனியா நீக்கிய காற்றை உள்ளிழுக்கக் கொடுப்பதுதான் நேர்மையான வழி. முடியாதபோது அறை எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

சிலிண்டர் வாயுவில் சரி, மூச்சில் தவறு

சிலிண்டரில் வரும் சோதனை வாயு காய்ந்தது, பெரும்பாலும் நைட்ரஜனில் கலந்தது. மூச்சு ஈரமானது, கார்பன் டை ஆக்சைடு கலந்தது. இரண்டும் ஒன்றல்ல. 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே வேலை செய்யும் லேசர் கருவிகளில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு இரண்டும் ஒளியை உறிஞ்சும் கோடுகள் அம்மோனியாவின் கோட்டுக்கு அண்டையில் இருக்கின்றன. அழுத்தத்தைக் குறைத்துக் கோடுகளை மெலிதாக்காவிட்டால் ஒன்றோடொன்று படியும். நிறைமாலைமானிகளில் வேறு தொல்லை: அம்மோனியம் அயனியின் நிறை 18, நீர் அயனியின் நிறையும் 18. அயனி மூலத்தில் காற்று கசிந்தால் அங்கேயே அம்மோனியம் உருவாகிப் பின்னணியை உயர்த்தும். ஈரம் கூடினால் அம்மோனியத்தின் ஒரு பகுதி நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு நிறை 36க்கு ஓடிவிடும். 18ஐ மட்டும் எண்ணுகிறவருக்கு அது இழப்பாகத் தெரியும்.

ஆகவே அளவுத்திருத்தத்தை மூச்சைப் போன்ற வாயுவில் செய்ய வேண்டும்: 37 டிகிரி நீரில் குமிழியிட்டு ஈரமாக்கிய சுத்தக் காற்று, அதில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதன் பிறகு அம்மோனியா. "அதன் பிறகு" என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். அம்மோனியா கலந்த வாயுவையே நீரில் குமிழியிட்டு ஈரமாக்கிவிட்டு, கருவி செத்துவிட்டது என்று தொலைபேசியில் அழைத்தவர்கள் இருக்கிறார்கள். அம்மோனியா முழுவதும் அந்தக் குடுவையில் கரைந்து கிடந்தது. சிலிண்டரைவிட, நிலையான வெப்பத்தில் வைத்து எடை இழப்பால் சரிபார்க்கும் ஊடுருவு குழாய் (சுவர் வழியாக அம்மோனியாவைச் சீராகக் கசியவிடும் சிறு குழாய்) எனக்கு நம்பகம். சிலிண்டர்தான் உண்டு என்றால் ரெகுலேட்டரை வாயு ஓடவிட்டுப் பழக்குங்கள், சில மணி நேரம் ஆகும். முதல் பத்து நிமிட எண்ணைப் பார்த்து அளவுத்திருத்தக் காரணியை மாற்றாதீர்கள்.

சிறு சென்சார், ஒவ்வொரு மூச்சுக்கும் துள்ளுகிறது

உலோக ஆக்சைடு சென்சார் என்றால் அது அம்மோனியாவுக்கு மட்டும் துள்ளவில்லை. மூச்சில் அசிட்டோன் பல நூறு பிபிபி, குடல் பாக்டீரியா தரும் ஹைட்ரஜன் அதையும் தாண்டி. வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஈரமும் சேர்ந்து தள்ளும். மின்வேதிச் சென்சார்களில் பெரும்பாலானவை தொழிற்சாலைக் கசிவுக்கு, பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவுக்குச் செய்யப்பட்டவை. ஆரோக்கியமானவரின் மூச்சுக்கு அவை போதாது. அம்மோனியா இல்லாத ஈரக் காற்றை ஊதிப் பாருங்கள். அதற்கும் துள்ளினால் வேறு சென்சார் தேடுங்கள், மென்பொருளில் சரிசெய்யலாம் என்று உட்காராதீர்கள்.

இரத்தப் பரிசோதனையோடு ஒத்துவரவில்லை

தொடக்கத்தில் போட்ட கணக்கே பாதி விடை: 25 பிபிபி உள்ளேயிருந்து, பல நூறு வாயிலிருந்து. வாய் மூச்சு இரத்த அம்மோனியாவைப் பின்தொடரும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. இரத்த அம்மோனியா உயரக்கூடிய ஈரல் நோயாளிகளிடம் பலர் ஏமாந்தது இங்கேதான். ஆனால் இரத்த யூரியாவை அது பின்தொடரக்கூடும், ஏனெனில் இரத்தத்தின் யூரியா எச்சிலுக்கு வருகிறது. டயாலிசிஸின்போது மூச்சு அம்மோனியா இரத்த யூரியாவோடு சேர்ந்து இறங்குவதை 2001ஆம் ஆண்டு நரசிம்மன் குழுவினர் காட்டியதை இப்படிப் படித்தால் வியப்பே இல்லை. அங்கே பாக்டீரியா நமக்கு எதிரியாக இல்லாமல் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், தவறு இரத்த எண்ணிலும் இருக்கலாம். எடுத்த இரத்தம் குழாயில் நிற்க நிற்க அதிலேயே அம்மோனியா உண்டாகிக்கொண்டிருக்கும். பனிக்கட்டியில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். ஒரு முறை எங்கள் மூச்சு எண்ணோடு சற்றும் ஒட்டாத இரத்த முடிவு ஒன்று வந்தது. விசாரித்ததில், மாதிரி மதிய உணவு இடைவேளை முழுவதும் மேசை மேல் நின்றிருக்கிறது.